சக்கர் வேலை செய்கிறதா?

(திருகோணமலையில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சத்திரசிகிச்சைக் கூடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, ரோபோவைப் பற்றியோ லேசரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அமைப்பாளர்கள் நினைத்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது தியேட்டர் மூலையில் சில்லுகளின் மேல் நிற்கும் ஒரு பெட்டியை. ஒரு மோட்டர், இரண்டு போத்தல், ஒரு அழுத்தமானி, நீளமாக ஒரு ரியூப், அவ்வளவுதான். காகிதத்தில் அதை உறிஞ்சு கருவி என்று எழுதுவார்கள். தியேட்டருக்குள் அது சக்கர்.

மயக்க மருந்து கொடுக்கும் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மொனிட்டர் நின்றுபோனால் நாடியை விரலால் பிடித்துப் பார்க்கலாம். மூச்சுக் கொடுக்கும் இயந்திரம் நின்றால் ரப்பர் பையைக் கையால் அமுக்கி நோயாளியை மணிக்கணக்கில் வைத்திருக்கலாம். மயங்கிக் கிடப்பவரின் தொண்டைக்குள் இரைப்பையில் இருந்ததெல்லாம் மேலேறி வரும்போது சக்கர் இழுக்கவில்லை என்றால், தலையைச் சரித்து, கட்டிலைத் தாழ்த்தி, விரலைவிட்டுத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஒழுங்காக நடக்கும் எந்தத் தியேட்டரிலும், முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன், ஒருவர் அந்த ரியூபின் நுனியைப் பெருவிரலால் அடைத்து முள் ஏறுகிறதா என்று பார்ப்பார். பார்க்காமல் தொடங்குகிற இடங்களும் இருக்கின்றன. என் முழுப் பேச்சும் அந்தப் பெருவிரலைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நித்திரைக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. நித்திரையில் எச்சில் வழி தவறினால் இருமி எழும்பிவிடுவோம். மயக்க மருந்து அந்த இருமலையும் விழுங்குதலையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் தொண்டையில் ஒன்றோடொன்று ஒட்டித்தான் தொடங்குகின்றன. காவல் இல்லாத நேரத்தில் ஒன்றிலிருந்து வருவது மற்றதற்குள் இறங்கிவிடும்.

1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோஃபோமை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில்தான் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். நான் இன்று தமிழில் பேசக் கூச்சப்படாததற்கு அவருக்கும் ஒரு நன்றி. குளோரோஃபோம் வந்து சில மாதங்களுக்குள், 1848 ஜனவரி 28ஆம் திகதி, இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே ஹன்னா கிறீனர் என்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கால்விரல் நகம் எடுப்பதற்காக அதைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் பிள்ளை இறந்துவிட்டாள். மருந்துதான் கொன்றது என்றார்கள். சிம்சன் ஒத்துக்கொள்ளவில்லை: பிள்ளையை எழுப்புவதற்காக வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராண்டியும்தான் மூச்சை அடைத்தன என்று வாதாடினார். தன் மருந்தைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொன்னார் என்பவர்களும் உண்டு. யார் சொன்னது சரி என்று இன்றுவரை தீரவில்லை. என்றாலும் கவனியுங்கள், குளோரோஃபோமால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணத்திலேயே தொண்டைக்குள் போன திரவம் ஒரு சந்தேகநபராக நிற்கிறது.

அடுத்த நூறு ஆண்டும் ஈதர், குளோரோஃபோம் காலம். ஈதர் தொண்டையை எரிச்சலூட்டி எச்சிலை ஊறவைக்கும். 1946இல் நியூயோர்க்கில் கேர்ட்டிஸ் மென்டல்சன் என்ற மகப்பேற்று வைத்தியர் ஒரு கணக்கை வெளியிட்டார். 1932 முதல் 1945 வரை அவருடைய வைத்தியசாலையில் நடந்த 44,016 பிரசவங்களில் 66 தாய்மாருக்கு இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு பேர் உணவுக்கட்டி அடைத்தே இறந்தார்கள். அமிலம் நுரையீரலை எப்படிச் சுட்டுப் புண்ணாக்குகிறது என்பதையும் முயல்களில் செய்து காட்டினார். அவர் பெயரால்தான் இன்றும் அந்த நோயை அழைக்கிறோம். பழைய கதை என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவில் 2011இல் வெளிவந்த தேசிய ஆய்வில், மயக்கம் கொடுக்கும்போது சுவாசப்பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் முதலிடம் பிடித்த காரணமும் இதுதான். அத்தனை வசதி உள்ள நாட்டில்.

இந்த இடத்தில் தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். சத்திரசிகிச்சைக்கு முன் ஆறு மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, வெறும் தண்ணீரென்றால் இரண்டு மணித்தியாலம் முன்புவரை குடிக்கலாம் என்று தாதி சொல்லுவார். நீங்கள் தலையாட்டுவீர்கள். பிறகு விடியற்காலையில், பசி தாங்காது பிள்ளை என்று ஒரு வாய் பிட்டும் வாழைப்பழமும் போய்விடும். கேட்டால் இல்லை என்பீர்கள். அன்பால் சொல்கிற பொய்தான், எனக்குத் தெரியும். சாப்பிட்டது தெரிந்தால் சத்திரசிகிச்சை சில மணித்தியாலம் பின்னுக்குப் போகும். தெரியாவிட்டால் அந்தப் பிட்டை நான் தொண்டைக்குள் சந்திக்க நேரும். பிட்டும் சோறும் சக்கரின் பரம எதிரிகள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பௌதிகம். சக்கர் இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. மோட்டர் போத்தலுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம், உள்ளே அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி இரத்தத்தையும் சளியையும் தள்ளுகிறது. வேலையைச் செய்வது நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் பாரம். அது எவ்வளவு என்று சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் இறங்குகிற நம்முடைய பெடியன்களைக் கேளுங்கள். கடலில் பத்து மீற்றர் கீழே போனால் இன்னுமொரு வளிமண்டலத்தின் பாரம் உடம்பில் ஏறும். இந்தத் துறைமுகத்துக்கு உள்ளேயே அதைவிட ஆழமான இடங்கள் எத்தனையோ. கடல் மட்டத்தில் அந்தப் பாரம் 760 மில்லிமீற்றர் இரசம். எத்தனை லட்சம் கொடுத்து எந்தப் பெரிய மோட்டர் வாங்கினாலும் அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றர்கூடப் பெற முடியாது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் பாரமே சுமார் 610தான். ஆக, சக்கரைப் பொறுத்தவரை கடற்கரைக்காரருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

சத்திரசிகிச்சைக்குப் பயன்படும் நல்ல கருவி 500 மில்லிமீற்றருக்கு மேல் வெற்றிடம் உண்டாக்க வேண்டும். அதோடு முடியவில்லை. முள் எவ்வளவு ஏறுகிறது என்பது ஒரு கேள்வி; ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் உள்ளே போகிறது என்பது இன்னொரு கேள்வி. வாந்தி வரும் நேரத்தில் இரண்டாவதுதான் முக்கியம். புவாசேய் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1840களில் கண்ட விதி இருக்கிறது: குழாயின் உள்விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு. நீளம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பாதி. தடித்த சளியும் சோறும் விதிப்படி ஓடுவதில்லை, ஆனாலும் திசை அதுதான். எனவே தொண்டைக்குரிய ரியூப் கட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், உறிஞ்சும்போது சுவர் சப்பிப் போகாத தடிப்பும் வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாம்புபோல் சுருண்டு கிடக்கும் நாலைந்து மீற்றர் மெல்லிய ரியூபைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ரியூபின் முனையில் வைத்தியர் பிடிக்கும் வளைந்த துண்டுக்கு யாங்கவர் என்று பெயர். நியூயோர்க்கில் காது மூக்குத் தொண்டை வைத்தியராக இருந்த சிட்னி யாங்கவர் 1907 அளவில் உருவாக்கியது. ரொன்சில் எடுக்கும்போது இரத்தத்தை உறிஞ்ச வேண்டும், மெல்லிய சதையைக் கவ்வக்கூடாது என்பதற்காக நுனியைக் குமிழாக்கி, துளைகளை அதற்கேற்ப வைத்தார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் அடிப்படை வடிவம் மாறவில்லை. இரத்தத்துக்கு அது அருமையான கருவி. பிட்டுக்கு அல்ல. ஒரு சோற்றுப் பருக்கை அந்தத் துளையில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. அனுபவமுள்ளவர்கள் அந்த நேரத்தில் யாங்கவரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரியூபையே தொண்டைக்குள் விடுவார்கள். பாடப்புத்தகத்தில் அழகாகத் தெரியாது. ஆனால் வேலை செய்யும். அண்மைக் காலத்தில் அகலத் துளை வைத்த முனைகள் சந்தைக்கு வந்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இனிப் போத்தல். போத்தலின் மூடிக்குள் ஒரு மிதவை இருக்கும். போத்தல் நிரம்பி வழிந்து அழுக்கு மோட்டருக்குள் போகாமல், மிதவை ஏறி வாயை அடைத்துவிடும். அடைத்தால் உறிஞ்சல் நிற்கும். நிற்பதற்குத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நெருக்கடி நேரத்தில் ‘மெஷின் பழுது, அடுத்த மெஷினைக் கொண்டு வா’ என்று சத்தம் போட்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். போத்தலை மாற்றினால் போதும். போத்தலுக்கும் மோட்டருக்கும் நடுவே கிருமி வடிகட்டி ஒன்று உண்டு. அது நனைந்தால் காற்று போகாது. அதுவும் பழுதல்ல. வடிகட்டி தீர்ந்துபோய், அதைக் கழற்றிவிட்டு நேரே பூட்டி ஓட்டினால் சில மாதத்தில் மோட்டரே போய்விடும். அந்த மோட்டர் வெளியேற்றும் காற்று தியேட்டருக்குள்தான் சுற்றுகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. நம்முடைய உப்புக் காற்று திருகாணிகளுக்கும் மின்தொடுப்புகளுக்கும் செய்வதைத் துறைமுகத்தில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிசேரியனில் இந்தப் போத்தலுக்கு இன்னொரு வேலை. தாய் எவ்வளவு இரத்தம் இழந்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி. நேர்மையான சாட்சி என்று சொல்ல மாட்டேன். போத்தலில் பனிக்குட நீரும், கழுவ ஊற்றிய சேலைனும் கலந்திருக்கும். இரத்தத்தின் ஒரு பங்கு துணிகளிலும் நிலத்திலும் இருக்கும். அதனால் நல்ல தாதிமார் பனிக்குட நீர் உறிஞ்சி முடிந்ததும் அளவைக் குறித்துக்கொண்டு, நனைந்த துணிகளை நிறுத்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று கணக்குப் பார்ப்பார்கள். வெறும் கண்ணால் மதிப்பிட்டால் நாம் எல்லோருமே குறைத்துத்தான் சொல்கிறோம்.

அதிகம் உறிஞ்சினால் அதிக நன்மை என்றும் இல்லை. பிறந்த குழந்தையின் வாயையும் மூக்கையும் உறிஞ்சித் துப்புரவாக்குவது ஒரு காலத்தில் சடங்கைப்போல் நடந்தது. மருத்துவமாதுகள் சிறிய பொறி வைத்த ரியூபில் தங்கள் வாயாலேயே உறிஞ்சினார்கள், எச்.ஐ.வி. அச்சம் வந்த பிறகு அது கைவிடப்பட்டது. தொண்டையின் பின்பக்கத்தைக் குழாயால் குத்தினால் குழந்தையின் இதயத் துடிப்பு சடுதியாகக் குறையலாம். பனிக்குட நீர் தெளிவாக இருந்து, குழந்தை தானாக மூச்செடுத்தால் உறிஞ்ச வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொல்லிவிட்டது. உறிஞ்ச வேண்டிய பிள்ளைக்கும் 100 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டியதில்லை. அதே அறையில் தாயின் வயிற்றுக்கு 500. அழுத்தத்தைக் குறைக்கும் திருகி இல்லாத கருவியைக் குழந்தைக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது.

தியேட்டருக்கு வெளியே இந்த மாவட்டத்தில் சக்கர் அதிகம் உழைக்கும் இடம் வயல் சார்ந்த ஊர்கள். கந்தளாய், தம்பலகாமம், சேருவில, வெருகல். கிருமிநாசினி உடம்பில் ஏறி வருகிறவர்களைச் சொல்கிறேன். ஒகனோபொஸ்பேற் வகை நஞ்சு ஏறினால் வாயிலும் நுரையீரலிலும் நீர் ஊறி நுரையாக வரும். சக்கரால் அதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் சக்கரால் அது நிற்காது. நிறுத்துவது அத்திரப்பீன். மருந்து ஏறி நெஞ்சு காயும்வரை மூச்சுக்கு வழிவிட்டுக் கொடுப்பதுதான் சக்கரின் பங்கு. இலங்கை மிகக் கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995க்குப் பிறகு உயிரிழப்புகள் பெருமளவு குறைந்தன. உலகம் எடுத்துக்காட்டும் வெற்றி அது. வாட்டில் நாங்கள் செய்ததைவிட அந்தத் தடைகள் காப்பாற்றிய உயிர்கள் பல மடங்கு. எட்டடி விரியன் கடித்தவரின் கதை வேறு: விழுங்கும் தசைகள் செயலிழந்து, சாதாரண எச்சிலே அவரை மூழ்கடிக்கும். அங்கே சக்கரும் மூச்சு இயந்திரமும் நாட்கணக்கில் வேண்டும்.

கடலில் மூழ்கியவருக்கு என்ன செய்வது என்று நிச்சயம் கேட்பீர்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்து நேர்ந்த துயரத்துக்குப் பிறகு கிண்ணியாவில் யாரும் அதைக் கேட்காமல் விட மாட்டார்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதை எடுத்து முடிக்கலாம் என்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள், முடியாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவும் வேண்டாம். முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சில் மின்கலத்தில் இயங்கும் சக்கர் வரும். இந்தியாவின் நன்கொடையில் 2016இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த சேவை அது. பணம் கேட்க மாட்டார்கள்.

இப்போது கொடையாளர்களிடம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாக வந்த கடல் கிண்ணியா வைத்தியசாலையையும் விட்டுவைக்கவில்லை. 2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனிலிருந்து போரில் காயப்பட்டவர்களை ஏற்றி வந்து இந்தத் துறைமுகத்தில்தான் இறக்கத் தொடங்கியது. பிறகு புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு முகாமிட்டது. அந்த நாட்களை உங்களில் பலர் என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள். இரண்டு பேரிடரின் பின்னும் கருவிகள் வந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர்களும் இன்றும் அனுப்புகிறார்கள். நல்ல மனசு. ஆனால் பெட்டி திறந்து படம் எடுத்து, பெயர்ப் பலகை ஒட்டியபிறகு என்ன நடக்கிறது? 16 நாடுகளின் வைத்தியசாலைக் கருவிகளைக் கணக்கெடுத்து, பெரியும் மல்கினும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளில் 38 வீதத்துக்கு மேல் இயங்காமல் கிடந்தன. பழுது பெரும்பாலும் மோட்டருக்குள் இல்லை. உதிரிப் பாகம் இல்லை, கையாளப் பழக்கவில்லை, மின்சாரம் பொருந்தவில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் 110 வோல்ற் கருவியை நம்முடைய 230இல் பூட்டினால் புகைதான் வரும்.

ஆகவே ஒரு சக்கர் தர நினைத்தால், அதே பணத்தில் சற்றுச் சிறிய கருவியை வாங்கி, மிச்சத்துக்கு இரண்டு ஆண்டுக்குப் போதுமான வடிகட்டி, மேலதிகமாக இரண்டு போத்தல், மூடி, ரப்பர் வளையம், ரியூப் வாங்குங்கள். போத்தல் உடைந்தால் கொழும்பில் அந்த அளவு கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவிடம் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலால் மிதிக்கும் பம்பு ஒன்று. மின்சாரம் வேண்டாம், ஒட்சிசன் வேண்டாம். மிதித்தால் தொண்டையைத் துப்புரவாக்கப் போதுமான வேகம் கிடைக்கும்.

மின்சாரம் ஒருபோதும் போகாது என்று யாரும் இந்த நாட்டில் சத்தியம் செய்ய மாட்டார்கள். 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தோம்; அப்போது ஜெனறேற்றருக்கு டீசலும் தட்டுப்பாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கியது. பெரிய வைத்தியசாலைகளில் ஜெனறேற்றர் தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு எடுக்கும் விநாடிகள் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1930களில் குடல் அடைபட்டவர்களின் இரைப்பையை வெறுமையாக்கிக் காப்பாற்றியது மோட்டரால் அல்ல. உயரத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல், கீழே இன்னொன்று. மேலிருந்து தண்ணீர் இறங்க இறங்க மேல் போத்தலில் வெற்றிடம் உண்டாகும். மூக்கு வழியே விட்ட குழாயை அதில் பூட்டினார். கீழ்ப் போத்தல் நிரம்பினால் இடம் மாற்றி வைப்பார்கள். வாந்திக்கு அந்த மெதுவான உறிஞ்சல் போதாது. ஆனால் மின்சாரமே இல்லாமல் இரவு முழுக்க நடக்கும்.

கடைசியாக, வீட்டில் சக்கர் வைத்திருப்பவர்களுக்கு. பாரிசவாதம் வந்தவர்கள், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்தவர்கள் மூதூரிலும் குச்சவெளியிலும் வீட்டில் கிடக்கிறார்கள். மகளோ மனைவியோ தான் தாதி. உள்ளே விடும் மெல்லிய குழாய், கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது. இல்லையென்றால் சளியோடு அவருடைய மூச்சையும் சேர்த்து எடுத்துவிடுவீர்கள். உள்ளே விடும்போது உறிஞ்சக்கூடாது, வெளியே எடுக்கும்போது மட்டும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம். உங்கள் மூச்சையும் அப்போது பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டினால் அவருக்கும் முட்டும். பெரியவர்களுக்கு முள் 150ஐத் தாண்டக்கூடாது. சளி தடித்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், ஈரப்பதம் கொடுப்பது பற்றி கிளினிக்கில் கேளுங்கள். மின்வெட்டு அறிவித்தால் மின்கலத்தை முதல் நாளே சார்ஜில் போடுங்கள், காற்பம்பைக் கட்டிலுக்குக் கீழே வையுங்கள், அதை மிதிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கும் பழக்கிவிடுங்கள். கருவியோடு யாராவது வந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், போத்தலைக் கழற்றிப் பூட்டிக் காட்டுகிறேன்.